மோதிரப் பெட்டிக்குள் இருந்த குரல்

வாப்பாவின் குரலை நாங்கள் ஒரு மோதிரப் பெட்டிக்குள் வைத்திருந்த காலம் இருந்தது. என் மூத்த சகோதரியான ராத்தாவின் கல்யாணத்துக்காகக் கல்முனை நகைக்கடையொன்றில் மோதிரம் எடுத்தபோது கூடவே வந்த சிவப்புப் பெட்டி அது. மோதிரம் உம்மாவின் அலுமாரிக்குள் போய்விட்டது. பெட்டி வாப்பாவின் கட்டிலருகே இருந்த ஸ்டூலுக்கு வந்துவிட்டது. அதன் வெல்வெட் துணிக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு சின்ன மூடி கிடக்கும். தெரியாதவர்கள் பார்த்தால், மருந்துப் போத்தல் மூடியையெல்லாம் இந்த வீட்டில் பத்திரப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வாப்பாவின் கழுத்தில் இருந்த குழாயின் வாயில் அதைப் பொருத்தினால் அவர் கதைப்பார். கழற்றினால் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது.

அதற்கு முன்பு வாப்பாவின் குரலை வைக்க ஊரே போதாமல் இருந்தது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர் அவர். தோணிகள் கரை தட்டி, மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டியதும் வாப்பா நடுவில் போய் நிற்பார். அவர் விலை கூவத் தொடங்கினால் எங்கள் வீட்டுக் குசினி வரை கேட்கும். கடைசித் தரம் கூவி முடிந்த சத்தம் கேட்டதும் உம்மா கேத்தலை அடுப்பில் வைப்பார். வாப்பா வாசலுக்கு வர, தேத்தண்ணியும் வரும். வீட்டுக்குள்ளும் அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. ஒரு பிளேன்டீ கேட்டால் அயல்வீட்டுக்காரர்களும் சேர்ந்து போட்டுக்கொண்டு வரலாம் என்று உம்மா பரிகாசம் செய்வார்.

அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியபோது ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சிகரெட்தான் என்றார் உம்மா. கடற்காற்றில் நின்று கத்தினால் வேறென்ன ஆகும் என்றார் பெரியவாப்பா. அவர் வாப்பாவின் மூத்த சகோதரர், வாப்பா அவரைக் காக்கா என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டு விஷயம் எதிலும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். உம்மாவின் தம்பியான என் மாமா, கண்ணூறு என்று சொல்லித் தண்ணீர் ஓதிக்கொண்டு வந்தார். வாப்பா எல்லோருக்கும் தலையாட்டினார், தண்ணீரையும் குடித்தார், சிகரெட்டையும் பற்றவைத்தார். பிறகு ஒருநாள் லுஹர் தொழுகை நேரம் மூச்சு உள்ளே போக மறுத்து, வாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. மாமா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தொண்டைக்குள் ஒரு கட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்ததாம். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துத்தான் உயிரைப் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்த வாப்பா வேறொரு ஆளாக இருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளை நாடா, நடுவில் வளைந்த வெள்ளைக் குழாய். அதன் வழியாகத்தான் மூச்சு போய்வந்தது. மூக்கு வெறும் அலங்காரத்துக்கு என்றாகிவிட்டது. அந்தக் குழாய்க்குள் இன்னொரு குழாய் இருந்தது. அதை உம்மா கழற்றி, கொதித்தாறிய தண்ணீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி மாட்டுவார். தூசி போகாமல் இருக்க ஈரத் துணி ஒன்று முன்னால் தொங்கும். வாப்பா அதற்கு மேலும் ஒரு வெள்ளைச் சால்வையைப் போட்டுக்கொண்டார். யார் வந்தாலும் முதலில் கை சால்வையைத்தான் சரிபார்க்கும். துளையை ஒருவர் கண்டுவிட்டால் தன்னையே கண்டுவிட்டார் என்பதுபோல அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது.

சளி இழுக்கிற மெசினைப் பள்ளிவாசல் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தார் இரவலாகத் தந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். மையித்தை அடக்கத்துக்குச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி, சக்கர நாற்காலி, ஒக்சிசன் மெசின் எல்லாம் ஒரே அறையில் இருக்கும், ஒரே வான் வண்டியில் வரும். அந்த வான் எங்கள் வாசலில் நின்றதைக் கண்ட பக்கத்து வீட்டு மாமி தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தார். வாப்பா கதிரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்த மாமி அன்று எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். மெசினின் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது. உம்மா மெல்லிய குழாயைத் துளைக்குள் விட்டு இழுக்கும்போது வாப்பாவின் கண்ணில் தண்ணீர் வரும். நான் வெளியே ஓடி முருங்கை மரத்தடியில் நின்றுவிடுவேன்.

ஆனால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வதில் என்னை மிஞ்ச வீட்டில் ஆளில்லை. வாப்பா தேக்கரண்டியால் கிளாசில் தட்டுவார். நான் போய் முன்னால் நிற்பேன். அவர் உதடு அசைய, நான் உரத்துச் சொல்லுவேன். பிளேன்டீ கேட்டால், பிளேன்டீயும் பிஸ்கட்டும் கேட்கிறார் என்று குசினிக்கு அறிவிப்பேன். பிஸ்கட் யாருக்கு என்று உம்மாவுக்கும் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கிளினிக்கில் ஒரு நேர்ஸ்தான் அந்த ஊதா மூடியைத் தந்தார். மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது, வெளியே வருகிற காற்றுத் தொண்டை வழியாகப் போய்க் குரலாகும் என்று விளக்கினார். தூங்கும்போது போடக்கூடாது, மூச்சு முட்டினால் உடனே கழற்றிவிட வேண்டும், சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும் என்று எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார், நான் எல்லோருக்கும் முன்னால் நின்றதால். வீட்டுக்கு வந்து அதைப் பொருத்திக்கொண்டு வாப்பா முதலில் சொன்னது ஸலாம். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸலாம். கடற்கரைக் குரல் அல்ல அது. எங்கோ பழைய ரேடியோவில் இருந்து வருகிற மாதிரிக் கரகரவென்று இருந்தது. ஆனாலும் வாப்பாதான். பதில் சொல்வது கடமை என்பதை உம்மா மறந்துவிட்டு, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

ராத்தாவின் கல்யாணப் பேச்சு அதற்கு முன்பே முடிந்திருந்தது. மாப்பிள்ளை மருதமுனைக்காரர், கட்டாரில் வேலை. லீவில் வந்ததும் நிக்காஹ். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் முன்னறையை அவர்களுக்கென்று வெள்ளையடித்து, வாப்பாவின் கட்டிலையும் மெசினையும் பின்னறைக்கு மாற்றினார்கள். வெள்ளையடித்த வாசம் போகும்வரை வாப்பா வெளியே மாமரத்தடியில்தான் இருந்தார்.

நிக்காஹ் சபையில் பெண்ணின் வாப்பா, மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, என் மகள் இன்னாரை, நீர் அவளுக்குத் தரும் இன்ன மஹருக்கு உமக்கு நிக்காஹ் முடித்துத் தந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். அவ்வளவுதான் கல்யாணம். மற்றதெல்லாம் சோறும் சத்தமும். வாப்பாவால் முடியாவிட்டால் வேறொருவருக்கு வக்காலத்துக் கொடுக்கலாம், அவர் வாப்பாவுக்காகச் சொல்லிவிடுவார். மார்க்கத்தில் தாராளமாக இடமுண்டு.

பெரியவாப்பா அதைத்தான் சொல்ல வந்தார். "தம்பி, வக்காலத்துக் குடுத்தா நிக்காஹ் நடத்துற லெவ்வை சொல்லுவாரு. அதுல ஒரு குறையுமில்ல. சபையில உனக்கு மூச்சு முட்டினா என்ன செய்யிற?"

வாப்பா பெட்டியைத் திறந்து மூடியைப் போட்டுக்கொண்டார். "ஊரான்ட மீனெல்லாம் கூவிக் குடுத்த வாய் இது, காக்கா. என்ட புள்ளைய நான்தான் குடுக்கணும்."

சொல்லி முடித்ததும் மூடியைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். அந்த ஒரு பேச்சுக்கே அவருக்கு அவ்வளவு களைப்பு வந்தது. பெரியவாப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்.

இதன் மறுபக்கம் ஒன்றிருந்தது. கொழும்பில் பெரிய டாக்டர் குரல்வளையையே முழுதாக எடுத்துவிட வேண்டும், தாமதிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். எடுத்தால் கட்டி போகும், கூடவே குரலும் போகும். அதற்குப் பிறகு எந்த மூடியைப் போட்டாலும் வராது. மாப்பிள்ளையின் லீவோ தள்ளித்தான் இருந்தது. கல்யாணம் முடிந்ததும் வருகிறேன் என்று வாப்பா சொல்லிவிட்டார். பின்னறையில் உம்மா அடங்கிய குரலில் சண்டை பிடித்தது எனக்குக் கேட்டது. "முதல்ல கொழும்புக்குப் போவம். கலியாணத்த மறுகா வெச்சிக்கலாம்."

"மறுகா வெச்சா ஆரு சொல்லுற?" என்றார் வாப்பா.

எனக்கு அதில் கவலையே இருக்கவில்லை. கொழும்பு என்றால் எனக்கு மிருகக்காட்சிசாலை. என்னையும் கூட்டிப் போவதாக வாப்பா எப்போதோ சொல்லியிருந்தார். கல்யாணம் முந்தினால் புதுச் சட்டை, கொழும்பு முந்தினால் யானை. எது முந்தினாலும் எனக்கு நட்டமில்லை என்றுதான் இருந்தேன்.

வாப்பா அந்த வசனத்தைப் பழகத் தொடங்கினார். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமரத்தடியில் கதிரையைப் போட்டு, மூடியைப் பொருத்தி, எதிரே என்னை இருத்தி, என் கையை மாப்பிள்ளையின் கையாக வைத்துக்கொண்டு சொல்லுவார். நான் மிடுக்காக, ஏற்றுக்கொண்டேன் என்பேன். ராத்தா ஜன்னலுக்குப் பின்னால் நின்று, "வாப்பா, அவளுக்கா என்னக் கட்டிக் குடுக்கிறீங்க" என்று சிரிப்பாள். தொடக்கத்தில் வசனம் முடிந்த பிறகும் வாப்பா மூடியைக் கழற்றாமல் எங்களோடு கொஞ்சம் கதைத்துக்கொண்டிருப்பார். கடற்கரையில் யார் இப்போது ஏலம் கூறுகிறார், அந்த ஆளுக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியாது என்று குறை சொல்லுவார். பிறகு பிறகு வசனம் முடிந்ததும் கழற்றினார். அதற்கும் பிறகு மஹரைச் சொல்லும் இடத்தில் நின்று, கழற்றி, இளைப்பாறி, மீண்டும் போட்டார். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. வெளியே வருகிற காற்றுக்கு வழி குறைந்துகொண்டிருந்தது. நான் அவருக்குச் சோம்பல் வந்துவிட்டதென்று நினைத்தேன். திரும்பவும் முதலில் இருந்து சொல்லுங்கள் என்று அதட்டுவேன். வாப்பா நல்ல பிள்ளையாகத் திரும்பவும் சொல்லுவார்.

நிக்காஹ் நாளில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்கப் பந்தல். உம்மாவுக்கு ஒரே நினைப்பு, புகை. சாம்பிராணிச் சட்டி பந்தலுக்குள் வரக்கூடாது, அடுப்பு வேலியோரம் இருக்க வேண்டும், சிகரெட் பிடிக்கிறவர்கள் தெருவுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தார். மாமா அதையெல்லாம் பொலிஸ்காரரைப் போல நின்று நிறைவேற்றினார். மெசினைப் பின்னறையில் பிளக்கில் செருகி, மேலே ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். வாப்பா வெள்ளைச் சட்டை, இடுப்பில் புதுச் சாரம், தோளில் மடிப்புக் குலையாத சால்வை என்று மாப்பிள்ளையை விட அழகாக இருந்தார். காலையில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. குரலை மிச்சம் பிடிக்கிறாராம்.

நான் பெண்கள் பக்கத் திரைக்கும் ஆண்கள் பக்கப் பாய்க்கும் நடுவில் இஷ்டம்போல் போய்வந்தேன். அந்த வயதில் அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். லெவ்வை குத்பா ஓதினார். வாப்பா முன்னால் நகர்ந்து, சால்வைக்கு அடியில் கையை விட்டு மூடியைப் பொருத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். அப்போதுதான் மாமா பன்னீர்ச் செம்போடு வந்தார்.

எங்கள் சபைகளில் பன்னீர் தெளிப்பது மரியாதை. மாப்பிள்ளைக்குத் தெளிக்க வேண்டும், அடுத்தது பெண்ணின் வாப்பாவுக்கு. அவருக்குத் தெளிக்காமல் போனால்தான் குறை. புகையை ஊருக்கு வெளியே விரட்டிய மாமாவுக்குப் பன்னீர் ஒரு ஆபத்தென்று தோன்றவே இல்லை. யாருக்குமே தோன்றவில்லை. குளிர்ந்தது, வாசமானது, அதில் என்ன இருக்கிறது. மாமா பிரியத்தோடு, மச்சானுக்கு என்று கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தார்.

வாப்பா அந்த நேரம்தான் வசனத்துக்காக மூச்சை இழுத்தார். பன்னீர் சால்வையை நனைத்து, துணியை நனைத்து, மூடியின் வழியாக நேரே நெஞ்சுக்குள் போனது. வந்த இருமல் அவரை முன்னால் வளைத்துவிட்டது. அந்த வேகத்தில் மூடி கழன்று தெறித்தது. அது பாயில் விழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே எங்கோ உருண்டு போய்விட்டது.

பெரியவாப்பாவும் மாமாவும் வாப்பாவைப் பின்னறைக்குத் தாங்கிப் போனார்கள். மெசின் உறுமத் தொடங்கியது. சபை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து இருந்தது. நான் பாயில் தவழ்ந்து மூடியைத் தேடினேன். சாரங்களுக்கு நடுவே, செருப்பில்லாத கால்களுக்கு நடுவே, வெற்றிலைத் தட்டுக்குக் கீழே. ஒவ்வொருவரும் எழும்பி உதறிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். வாப்பாவின் குரல் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் தேடினார். கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தேடிக் கொடுக்காவிட்டால் ராத்தாவுக்குக் கல்யாணமே நடக்காது என்று நம்பினேன்.

வாப்பா திரும்பி வந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. கண் சிவந்திருந்தது. பெரியவாப்பா பக்கத்தில் குனிந்து, "போதும் தம்பி. வக்காலத்துக் குடு" என்றார். லெவ்வையும் அப்படியே செய்யலாம் என்று தலையசைத்தார். மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, தன்னையே வெட்டிப்போடலாம் போன்ற முகத்தோடு நின்றார். செம்பு இன்னும் கையில் இருந்தது.

வாப்பா உட்கார்ந்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்தார். பிறகு ஈரத் துணியையும் அவிழ்த்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாருக்கும் காட்டாத குழாயும் துளையும் அத்தனை ஆண்களுக்கு நடுவே வெளிச்சத்தில் இருந்தன. வலக்கையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். இடக்கைப் பெருவிரலைக் குழாயின் வாயில் வைத்து மூடினார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஈரமும் கரகரப்பும் இருந்தன. இடையிடையே விரலை எடுத்து மூச்சை இழுத்தார், அப்போதெல்லாம் குழாய் விசிலடித்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து நின்றது. என்னுடைய மகள் என்றார். ராத்தாவின் பெயரைச் சொன்னார். மஹரைச் சொன்னார். நிக்காஹ் முடித்துத் தந்தேன் என்றார். மாப்பிள்ளையின் குரல்தான் நடுங்கியது. அவர் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு, பிடித்த கையை விடாமல், குனிந்து வாப்பாவின் கையில் நெற்றியை வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் ராத்தா அழுத சத்தம் ஆண்கள் பக்கம் வரை கேட்டது. மணப்பெண் அப்படி அழுவது கூடாதென்று யாரும் அவளை அடக்கவில்லை.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன்பு பாய்களைச் சுருட்டும்போது மூடி அகப்பட்டது. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த விரிப்பின் மடிப்பிலேயே இருந்திருக்கிறது. நான் அதைக் கழுவிக் காயவைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். மாமா வாப்பாவின் பின்னறை வாசலில் வெகுநேரம் நின்றார். வாப்பா கிளாசில் தட்டி அவரை உள்ளே கூப்பிட்டு, அவர் கையை எடுத்து முகர்வதுபோல் மூக்கருகே வைத்து, நல்ல வாசம் என்று உதட்டை அசைத்தார். நான் மொழிபெயர்த்தேன். மாமா அழுதுவிட்டார். மச்சான், அதாவது ராத்தாவின் மாப்பிள்ளை, மறுநாளே உம்மாவிடம் மெசினை எப்படிப் பிடிப்பதென்று கேட்டுப் பழகிக்கொண்டார். புது மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வேலையா இது என்று உம்மா வெட்கப்பட்டார். அவர் கேட்கவில்லை.

கொழும்புக்குப் போகிற நாள் வந்தது. உம்மாவும் பெரியவாப்பாவும் கூடப் போகிறார்கள், நான் ராத்தாவோடு வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. யானை போய்விட்டது. நான் மாமரத்தடிக் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாப்பா பெட்டியோடு அங்கே வந்தார். எதிரே இருந்து, மூடியைப் பொருத்தி, என் வலக்கையைப் பிடித்தார். பழகின காலத்தில் பிடிப்பதைப் போலவே, பெருவிரலோடு பெருவிரல் சேர்த்து. என்னுடைய மகள் என்று தொடங்கினார். பிறகு ராத்தாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயர் வந்தது. மஹர் வரும் இடத்தில் அல்லாஹ் நாடிய மஹர் என்றார். மாப்பிள்ளை வரும் இடத்தில் அல்லாஹ் எழுதிய பிள்ளைக்கு என்றார். நிறுத்தி, கழற்றி, மூச்சு வாங்கி, மீண்டும் போட்டு, நிக்காஹ் முடித்துத் தந்தேன் என்று முடித்தார். ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல எதிரே ஆளில்லை. மார்க்கப்படி அதற்குப் பெயர் நிக்காஹ்வே அல்ல. வாப்பாவுக்கு அது தெரியாமலில்லை.

நான் கையை உதறினேன். "எனக்குக் கலியாணம் வேணா வாப்பா. என்னக் கொழும்புக்குக் கூட்டிப் போங்க."

"இன்ஷா அல்லாஹ், மகள்" என்றார். அதுதான் அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை.

ஒப்பரேஷன் நடந்தது. கட்டி அதற்குள் கழுத்தின் இரு பக்கத்துக்கும் போயிருந்தது. வாப்பா திரும்பி வந்து, சத்தமே இல்லாமல் எங்களோடு கொஞ்ச காலம் இருந்தார். ராத்தாவுக்கு மகன் பிறந்தபோது அவன் காதில் பாங்கு சொல்ல அவர் இருக்கவில்லை, மச்சான் சொன்னார். பல வருடங்கள் கழித்து என் நிக்காஹ்வில் பெரியவாப்பாதான் வாப்பாவின் இடத்தில் வலியாக, அதாவது பொறுப்பாளராக, இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். அவருக்கு வயது போய்விட்டது, ஆனாலும் தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தம்பியின் மகள் என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நின்றார். திரைக்குப் பின்னால் இருந்த எனக்கு, மாமரத்தடியில் என் கையைப் பிடித்த கையின் சூடு வந்தது. வாப்பா என் பெயரைச் சொல்லி என்னை முன்பே கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் ராத்தாவைப் போலச் சத்தமாகத்தான் அழுதேன்.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. வான் வாசலை விட்டுக் கிளம்பியபோது கோபம் தீராமல் நான் உள்ளேதான் நின்றேன். பின்னறைக்குப் போனேன். ஸ்டூலில் சிவப்புப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் மூடி உள்ளே இருக்கிறது. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனவர்கள் முக்கியமானதை மறந்துவிட்டார்களே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். பிரதான வீதித் திருப்பத்தில் வான் வேகம் குறைந்தபோது பிடித்துவிட்டேன். "வாப்பா, இத விட்டுட்டுப் போறீங்க. அங்க எப்பிடிக் கதைப்பீங்க" என்று ஜன்னலுக்குள் நீட்டினேன். உம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாப்பா பெட்டியை வாங்கவில்லை. என் விரல்களை அதன்மேல் மடக்கி, தன் கையால் மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நீயே வைத்துக்கொள் என்று உதடு அசைந்தது. உதட்டை விளங்கிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றேனே, அதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

பெட்டியை ராத்தாவிடம்கூடக் கொடுக்கவில்லை. வாப்பா திரும்பி வந்ததும் கேட்பார், அழுக்காக இருந்தால் ஏசுவார் என்று, அவர் வருகிற வரைக்கும் நேர்ஸ் சொன்னபடியே சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மாமரத்தடி நிழலில் காயவைத்து, திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.